கடல் தாண்டி வந்த நினைவை அனிமேஷன் ஆக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த ஒருவரின் நினைவை முதலில் இரண்டு பக்கக் கதையாக எழுதி, பிறகு அதையே மூன்று நிமிட அனிமேஷனாக ஆக்கும் வேலைக்கான வழிகாட்டி இது. ராமேஸ்வரம் கரையில் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து இளைஞர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்த பிறகு எழுதுகிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதல் நாளே பென்சிலை எடுத்து, எரிகிற வீட்டையும் ஓடுகிற கூட்டத்தையும் வரைந்தார்கள்.

வேலையின் வரிசை இதுதான்: கேட்பது, சரிபார்ப்பது, எழுதுவது, ஒலி, ஸ்டோரிபோர்டு (காட்சிகளைக் கட்டம் கட்டமாகக் கோட்டில் போட்டுப் பார்ப்பது), படம், காட்டுவது. அதாவது பென்சிலை எடுப்பதே ஐந்தாவது வேலையில்தான். அதை முன்னால் கொண்டுவந்தால், நீங்கள் ஏற்கெனவே எங்கோ பார்த்த போர்ப் படம்தான் காகிதத்தில் வரும். பேசியவரின் நினைவு வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. அகதி முகாம் என்று இருந்த பெயர் 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பெயர் மாறினாலும் வெளியாள் உள்ளே போக அனுமதி வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். 'தெரிந்தவர் இருக்கிறார்' என்று நைசாக நுழைந்தால் மாலையில் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், விசாரணை அவருக்கு வரும். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவரோடு தொடங்குவது இன்னும் எளிது.

இரண்டாவது, பேச்சின் நடுவே அவர் உடைந்துபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 கையில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அன்று வீட்டில் அவருக்கு நெருக்கமான ஒருவர் இருப்பது. மகளோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. நாம் மனநல மருத்துவர் இல்லை. கேட்டு முடித்துக் கிளம்பிவிடுவோம், இரவு அவர் தனியாகப் படுக்க வேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பேச்சைப் பதிய ஒரு போன், இரண்டு நோட்டு, ஒலியை வெட்ட ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள். அனிமேஷனுக்கு வேண்டியதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன். அதுவரை ஒன்றும் வாங்காதீர்கள்.

2. ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கரையில் நினைவுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு முதல் அலையாக அகதிகள் வந்தார்கள், 1990இல் சண்டை மீண்டும் வெடித்ததும் அடுத்த அலை, 2006இலிருந்து இன்னொன்று. இதற்கிடையே தொழிலுக்குப் போன இடத்தில் சுடப்பட்ட நம் மீனவர்களின் வீடுகள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்க ஆசை வரும். அடைத்தால் மூன்று நிமிடத்தில் ஒரு பாடப்புத்தகம்தான் கிடைக்கும்.

ஒருவர், ஒரு நாள், முடிந்தால் ஒரு பொருள். அவ்வளவு போதும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அகதிகள் வந்து இறங்கிய கதைக்குப் பின்னணியாகத் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை வரைவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சுவரை இடித்தது புயல். புயலுக்குக் குற்றவாளி கிடையாது, வன்முறைக்கு உண்டு. இரண்டு இடிபாடுகளையும் ஒன்றாகக் காட்டினால், குண்டும் காற்று மாதிரி தானாக வந்தது என்று ஆகிவிடும்.

3. கேட்கும் முறை

நான்கு ஐந்து அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் பதிவே வேண்டாம். தேநீர் குடித்து, பிள்ளைகளைப் பற்றிப் பேசி, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் போகாதீர்கள். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் உட்காராதீர்கள். ஒரு காலத்தில் வெளியே ஓட வேண்டியிருந்தவருக்கு வழி அடைபட்டிருப்பது தாங்காது.

'அப்போ எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால், பத்திரிகைக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லிப் பழகிய பதில் வரும். பொருளைக் கேளுங்கள். கையில் என்ன எடுத்து வந்தீர்கள், காலில் செருப்பு இருந்ததா, பிள்ளை எந்தப் பக்க இடுப்பில் இருந்தது, படகில் என்ன வாசனை, கச்சான் காற்று வீசிய காலமா வாடைக் காற்றா என்று. உடம்பு நினைவில் வைத்திருப்பதை வாய் சொல்லும்.

ஆனால் படத்துக்கான காட்சி பெரும்பாலும் பதிலில் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்தது எப்படி என்று சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே பேசினார். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, எனவே ஹெலிகாப்டர் சத்தம் இந்தப் பக்கத்தில் பஸ் சத்தம் மாதிரி. அன்றும் ஒன்று போனது. அவர் கை நின்றது. பாதி உரித்த இறால் விரலில் அப்படியே இருக்க, உதடு மட்டும் அசைந்தது. சத்தம் தேய்ந்து மறைந்ததும் கை தன்பாட்டில் அடுத்த இறாலை எடுத்தது. விட்ட இடத்திலிருந்து மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"என்னம்மா, ஏதோ எண்ணுனீங்களே?" என்று கேட்டேன்.

"நான் எண்ணினனானோ, தம்பி?" என்றார். அவருக்கே தெரியவில்லை.

எங்கள் படம் அந்தக் கைதான். குண்டு விழுந்த நாள் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, உடம்பு மட்டும் இன்னும் எண்ணுகிறது. இந்த மாதிரி ஒன்றைப் பார்க்கும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள். செருப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது, பத்திரங்களை எப்போதும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவோரம் மாட்டுவது, தீபாவளி வாரத்தில் ஜன்னல் திறக்காதது என்று வீட்டுக்கு வீடு ஏதாவது இருக்கும்.

'போதும்' என்று அவர் சொன்னால் ரெக்கார்டரை அவர் கண்ணெதிரே நிறுத்துங்கள். ஒவ்வோர் அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சமையல், பேரப்பிள்ளை, நாளைக்கு என்ன வேலை என்று நிகழ்காலத்தில் முடியுங்கள். கதையின் மோசமான இடத்தில் ஆளை விட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது.

பதிவின் ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும். எந்த நாளிலும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அவருடையது. இதைத் தமிழில், அவருக்குப் புரியும் நாலு வரியில் எழுதி வாசித்துக் காட்டுங்கள்.

4. சரிபார்ப்பது

நினைவு தேதி வரிசையில் வராது. படகு முதலில் வரும், வீடு கடைசியில் வரும், ஒரு வாரம் காணாமலே போகும். அந்த உடைசலைச் சரிசெய்யாதீர்கள், கதையின் வடிவமே அதுதான். ஆனால் நீங்கள் வரையப்போகும் பின்னணி சரியாக இருக்க வேண்டும். அதில் ஒரு பிழை இருந்தால், பார்க்கும் ஊர்க்காரர் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

எங்கள் மாணவர் ஒருவர் 1984இல் நடக்கும் காட்சியில் பாம்பன் சாலைப் பாலத்தை வரைந்தார். அந்தப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுக்கு ரயில் பாலம் மட்டுமே. இன்னொருவர் 1990 காட்சியில் 'மறுவாழ்வு முகாம்' என்று பலகை எழுதினார்.

பேசுபவரின் சொல்லிலும் காலம் கலந்துவிடும். 1990ஐப் பற்றிப் பேசும்போது 'கிபிர் வந்து அடிச்சது' என்பார்கள். கிபிர் விமானங்கள் இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996இல். பிறகு தெரிந்துகொண்ட பெயர் பழைய பயத்தின் மேல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவரைத் திருத்தாதீர்கள், குரலையும் வெட்டாதீர்கள். படத்தில் விமானத்தை வரையாமல் நிழலை மட்டும் காட்டினால் அவர் சொன்னதும் பொய்யாகாது, நீங்களும் தவறாக வரைந்திருக்க மாட்டீர்கள்.

5. இரண்டு பக்கம் எழுதுங்கள்

எழுத்து எதற்கு, நேராகப் படத்துக்குப் போகலாமே என்று கேட்பார்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்பதைக் காகிதத்தில் முடிவு செய்வது மலிவு. வரைந்த பிறகு முடிவு செய்தால் இரண்டு வார உழைப்பு குப்பைக்குப் போகும்.

புதியவர்களின் முதல் பிரதி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

'நள்ளிரவில் குண்டுகள் மழையெனப் பொழிந்தன. குழந்தைகளின் கதறல் விண்ணைப் பிளந்தது. நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்.'

அந்த அம்மா சொன்னதை வைத்து மூன்று முறை திருத்திய பிறகு கிடைத்தது இது ('ஓட்டி' என்றால் படகோட்டி):

'ஓட்டி இறங்கச் சொன்னான். இதுதான் இந்தியா என்றான். இறங்கினோம். மணல். விடிந்தபின் பார்த்தோம், நாலு பக்கமும் கடல். பிள்ளை தண்ணீர் கேட்டது. நாங்கள் நிற்கிறோம்.'

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டுகளில் இப்படி இறக்கிவிடப்பட்டவர்கள் நிறையப் பேர். இந்த ஆறேழு வரியில் குண்டு இல்லை, அழுகையும் இல்லை. கடைசி வினையைப் பாருங்கள். எல்லாம் இறந்தகாலத்தில் வந்து, அது மட்டும் நிகழ்காலத்துக்கு மாறுகிறது. அவர் இன்னும் அந்தத் திட்டிலிருந்து முழுதாக இறங்கவில்லை என்பதை வேறெந்த விளக்கமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லாது. இந்த மாற்றத்தை ஒரே இடத்தில் செய்யுங்கள். பத்து இடத்தில் செய்தால் இலக்கணப் பிழை மாதிரி தெரியும்.

அடுத்தது 'நாம்', 'நாங்கள்'. தமிழ் நமக்கு இந்த வேறுபாட்டைச் சும்மா கொடுக்கவில்லை. 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் இல்லை. அவர் 'நாங்கள்' என்று சொன்னதை எழுதும்போது 'நாம்' ஆக்கினால், அந்தத் திட்டில் நீங்களும் நின்றதாக ஆகிவிடும். நீங்கள் நிற்கவில்லை.

பேச்சு வழக்கையும் நம் ஊர் வழக்குக்கு மாற்றாதீர்கள். 'ஏலாது', 'ஷெல்லடி', 'பங்கர்', 'ஓம்' எல்லாம் அப்படியே இருக்கட்டும். 'முடியாது' என்று மாற்றிய ஒரு வரியைக் கேட்ட உடனே அந்த அம்மா, "இது நான் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

முடிவைக் கடைசிவரை மறைத்து வைக்கவும் வேண்டாம். 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' என்ற 1988ஆம் ஆண்டு ஜப்பானியப் படம், 1967இல் வந்த ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது. அதில் சிறுவன் இறந்துபோவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பிழைப்பானா மாட்டானா என்ற பரபரப்பு போய்விடுவதால், மிட்டாய் டப்பா மாதிரி சின்ன விஷயங்களில் கண் நிற்கிறது. நம் கதையிலும் ஆள் பிழைத்து வந்தது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துத் திகில் காட்டாதீர்கள்.

6. படத்துக்கு முன் ஒலி

கதையில் எந்த வரி அவர் குரலில் வர வேண்டும், எங்கே மௌனம் என்று குறித்து, ஒலியை முழுதாக வெட்டி முடியுங்கள். காரணம் கணக்கு. ஒரு நொடிக்கு 12 படம் வேண்டும். ஒலி 20 நொடி குறைந்தால் 240 படம் மிச்சம்.

குரலில் வரும் இடைவெளிகளை 'சுத்தம்' செய்யாதீர்கள். அவர் நான்கு நொடி நிறுத்தினால் அந்த நான்கு நொடியும் படத்தில் இருக்க வேண்டும். இசை வேண்டாம். சோகப் புல்லாங்குழல் ஒன்று எல்லோர் போனிலும் தயாராக இருக்கிறது. அதைப் போட்ட நிமிடத்தில், எங்கே அழ வேண்டும் என்று பார்ப்பவருக்கு உத்தரவு போட்டதாகிவிடும்.

கடல் ஒலியை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அலை குறைந்த பெண்கடல், மறுபக்கம் அடித்துக்கொண்டே இருக்கும் ஆண்கடல். இரண்டின் ஒலியும் வேறு. விடியற்காலையில், வேன்கள் வரும் முன் போய்விடுங்கள். போனின் மைக்கில் தடித்த கம்பளிச் சாக்ஸை மாட்டினால் காற்றின் இரைச்சல் பாதி அடங்கும்.

7. ஸ்டோரிபோர்டு: எதை வரைய மாட்டோம்

இப்போதுதான் பென்சில். தபால் கார்டு அளவில் கட்டங்கள் போட்டு, ஒலியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோட்டுப் படம். அதைப் போனில் படம் பிடித்து ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். இந்த அனிமேட்டிக் சலிப்பாக இருந்தால் படமும் சலிப்பாகத்தான் இருக்கும். இங்கேயே வெட்டுங்கள்.

கட்டம் போடும் முன் மறுப்புப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். எங்கள் பட்டியல்: இறந்தவர் முகம் இல்லை, சுட்டவர் முகம் இல்லை, ரத்தம் இல்லை, பெண்ணின் உடம்பு மீது நடந்த எதுவும் இல்லை. அடி விழும் கணத்தில் சட்டகம் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் படத்தில் அது அடுப்பில் பொங்கி வழியும் கஞ்சி.

முடிவில் உண்மையான புகைப்படத்தைப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். 'வால்ட்ஸ் வித் பஷீர்' என்ற இஸ்ரேலிய அனிமேஷன் படம் 2008இல் அப்படித்தான் முடிந்தது. லெபனான் போரின்போது 1982இல் நடந்த சப்ரா, ஷட்டிலா படுகொலையின் உண்மையான படக்காட்சிக்கு அனிமேஷன் மாறிவிடும். ஆனால் அதன் இயக்குநர் அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர், தன் மறதியைத் தானே உடைத்துக்கொண்டார். நம் படத்தை மண்டபத்தில் பார்க்கப்போகிறவர், அந்தப் புகைப்படத்தில் கிடப்பவரின் தங்கையாக இருக்கலாம். எனவே என் பதில், வேண்டாம்.

8. மணலில் படம் எடுப்பது

கணினியில் கிரிட்டா மாதிரி இலவச மென்பொருளிலும் வரையலாம். நான் மணலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணலில் அடுத்த படத்தைச் செய்ய முந்தைய படத்தைக் கலைக்க வேண்டும், கலைத்தாலும் கொஞ்சம் தடம் நிற்கும். இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. செலவும் குறைவு.

6 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று, அதன் கீழே பால் நிற அக்ரிலிக் ஷீட், அதற்கும் கீழே எல்இடி பேனல். நாலு செங்கல் மேல் கண்ணாடி. மேலே ஒரு மரச்சட்டத்தில் கண்ணாடியை நேர்கீழாகப் பார்க்கும்படி போன். ஸ்டாப் மோஷன் செயலி எதுவானாலும் சரி, வெளிச்சம், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் மூன்றையும் பூட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பூட்டாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி, ஓட்டும்போது கண் கூசும்.

மணலுக்காகத் தீவுப் பக்கம் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே எதையும் அள்ளக் கூடாது. வீடு கட்டும் இடத்தில் இரண்டு கிலோ கேட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். இந்தக் கரையில் காற்றே ஈரம். காலையில் பொடியாக இருக்கும் மணல் மாலையில் கட்டிக்கொள்ளும். மூடி உள்ள டப்பாவில் வையுங்கள், கட்டினால் வாணலியில் வறுங்கள். எங்கள் வாணலி இன்றுவரை சமையலுக்குத் திரும்பவில்லை.

ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்துங்கள். புழுங்கும், வேறு வழியில்லை. கறுப்புச் சட்டை போடுங்கள், வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் கண்ணாடியில் விழும். போனைத் தொட்டுப் படம் எடுத்தால் ஆடும், இயர்போனின் வால்யூம் பட்டனை அழுத்தினால் போதும். பேனலை இன்வெர்ட்டரில் இணையுங்கள். ஒரு காட்சியின் நடுவே கரண்ட் போனால் திரும்ப அதே இடத்தில் தொடங்க முடியாது.

பிறகு வேலை ஒன்றேதான். கொஞ்சம் நகர்த்து, கையை எடு, படம் எடு. பென்சில், இறகு, பழைய அடையாள அட்டையின் விளிம்பு, இவைதான் தூரிகை. மூன்று நிமிடத்துக்கு 2,160 படம் என்று கணக்கு வரும். பயப்படாதீர்கள், அவர் மௌனமாக இருக்கும் இடங்களில் ஒரே படம் நிற்கும். எங்களுக்கு அதில் பாதிதான் ஆனது. புதியவர் ஒரு நாளில் எழுபது படம் எடுத்தால் நல்ல நாள்.

கையை வரையும் காட்சியைக் கடைசியில் எடுங்கள். அதற்குள் உங்கள் விரல் பழகியிருக்கும்.

9. முதலில் அவருக்குக் காட்டுங்கள்

இரண்டு முறை: அனிமேட்டிக் முடிந்ததும் ஒன்று, படம் முடிந்ததும் ஒன்று. பகலில், அவர் வீட்டில், ஒலியைக் குறைத்து. எங்கே ஹெலிகாப்டர் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் குழுவில் நான் இதைச் சொல்ல மறந்தேன். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார், அன்று திரும்பி வரவில்லை. படத்தையும் நாங்கள் வெளியிடவில்லை.

பொதுவில் காட்டும்போது வாசல் பக்கம் இருக்கை காலியாக இருக்கட்டும், விளக்கை முழுதாக அணைக்காதீர்கள், பட்டாசு வாரத்தில் காட்டாதீர்கள். கோயில் திருவிழா வெடியும் கணக்கில் உண்டு. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வரலாமா என்று கடைசியாக ஒருமுறை கேளுங்கள். இலங்கையில் உறவினர் இருந்தால் பதில் மாறியிருக்கலாம்.

இறால் உரித்த அந்த அம்மா படத்தை இரண்டு தரம் பார்த்தார். கை நிற்கும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மணல் திட்டுக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "தண்ணி இவ்வளவு கிட்ட வரேல்லை, தம்பி. தள்ளித்தான் நிண்டது. நாங்கள்தான் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்."

கலைந்துபோன மணலைத் திருத்த முடியாது. எனவே அந்த எட்டு நொடியை, 96 படத்தையும், முதலிலிருந்து எடுத்தோம். இந்த முறை கடலைச் சட்டகத்தின் மேல் விளிம்பில் ஒரு கோடாக வைத்தோம்.